அக்கா திருப்பித் தைத்த கோட்டு

அக்கா எங்களைப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அக்கா தைத்த உடுப்பைப் போட்டு வளர்ந்தவர்கள். அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டிருந்தால் பின்னேரம் முழுவதும் எழும்ப விட்டிருக்க மாட்டார்.

அக்கா பிறந்தது கொழும்பு கொட்டாஞ்சேனையில், கோயில் மணி கேட்கும் தூரத்தில். அம்மாவும் துறைமுகத்தில் வேலை செய்த அப்பாவும் அடுத்தடுத்துக் காலமானபோது அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. அம்மாவின் கைமெஷினை எடுத்து வைத்து அயலவருக்குத் தைக்கத் தொடங்கினார். அதில்தான் நான் படித்தேன்.

வறுமையால்தான் அக்கா பழந்துணி தேடினார் என்றால் அது பாதி உண்மை. அவருக்கு அது பெரிய சந்தோஷம். சனிக்கிழமை காலையில் புறக்கோட்டைச் சந்தைக்கு நடக்கும்போதே முகம் மலர்ந்துவிடும். கப்பலில் நனைந்த துணி, கடைகளில் மிஞ்சிய வெட்டுத்துண்டு, சீமைக்குத் திரும்பும் துரைமாரின் பங்களா ஏலத்தில் வந்த திரைச்சீலை எல்லாம் ஒரு முஸ்லிம் நானாவின் கடைவாசலில் குவிந்து கிடக்கும். தனக்கு வேண்டியதை அக்கா ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். வேண்டாததை அரைமணி நேரம் பேரம் பேசிவிட்டு, போகிற போக்கில், "நானா, அந்த மூலையில கிடக்கிறது என்ன, கால்மிதியோ?" என்பார்.

"தங்கச்சி கால்மிதி எண்டு சொன்னா அதுதான் நல்ல சாமான் போல ஈக்கிது" என்று சிரித்துக்கொண்டே நானா எடுத்துக் கொடுப்பார்.

இரண்டாம் உலக யுத்தத்தில் துணிக்குப் பங்கீட்டுக் கூப்பன் வந்து ஊரே தவித்தது. எங்கள் வீட்டுப் பெட்டி மட்டும் நிறைந்தே இருந்தது. அந்த நாட்களில்தான் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியில் கிளார்க் வேலைக்கு என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு வேலை கிடைத்த பிறகே கலியாணம் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார். அவருக்குப் பேசியிருந்த அத்தானும் நான்கு வருடமாகக் காத்திருந்தார். கோட்டு இல்லாமல் போய் நிற்க முடியாது. என்னிடமோ கோட்டு இல்லை.

அக்கா ஒரு சாம்பல் நிறக் கோட்டைக் கண்டுபிடித்தார். ஒரு நூலை உருவி நானாவின் சுருட்டு நெருப்பில் காட்டினார். மயிர் கருகும் மணம் வந்தது. நல்ல கம்பளி. ஆனால் வெளிப்பக்கம் நரைத்துக் கிடந்தது.

"வெளியால பாராதை தம்பி. உள்ளுக்குப் பார், வெயிலே படேல்லை."

தையல் முழுவதையும் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்தார். பழைய பொத்தான் துளைகளை இழை இழையாக மூடினார். ஆனால் அப்படித் திருப்பினால் இடப்பக்க நெஞ்சுப் பை வலப்பக்கம் போய்விடும். அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

"ஆர் அதைப் பார்க்கப் போகினம்?" என்றார் அக்கா.

வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "துரை கோட்டைப் பார்த்தவரோ?"

"இல்லை அக்கா. கவனிக்கேல்லை" என்றேன். அக்கா கைகொட்டிச் சிரித்தார். துரைக்கே தெரியவில்லை என்ற அந்தக் கதையை அவர் சொல்ல நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள்.

அடுத்த தையில் கலியாணம். பிறகு வெள்ளவத்தையில் மூன்று பிள்ளைகளுடன் நல்ல வாழ்வு. கடைசி மாதங்களில் கண் மங்கியபோதும் பார்க்க வந்தவர்களின் சேலைத் தலைப்பைத் தடவி, "எங்க எடுத்தது?" என்று கேட்டார். விலையையும் சொன்னால் ஏமாந்துவிட்டீர்கள் என்பார்.

அக்காவை இரவு பகல் பார்க்காமல் கவனித்த மருமகளுக்கும், அழைத்தபோதெல்லாம் வீட்டுக்கே வந்த டாக்டருக்கும், கடைசி நேரத்தில் எண்ணெய் பூசி அவஸ்தைப் பூசுதல் கொடுத்த பங்குச் சுவாமிக்கும், அடக்கம் முடியும்வரை எங்கள் அடுப்பை எரிய விடாமல் சாப்பாடு அனுப்பிய பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்துக்கும் நாங்கள் நன்றியுள்ளவர்கள்.

அக்காவுக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவர் இருக்கும்போது சொல்லத் துணிவு வரவில்லை; உங்கள் முன்னால் சொல்கிறேன். துரை அன்று வலப்பக்கம் இருந்த அந்த நெஞ்சுப் பையைக் கண்டார். எழுந்து வந்து கோட்டின் தோளைத் தடவிப் பார்த்து, இதைத் திருப்பித் தைத்தது யார், இவ்வளவு சுத்தமான வேலையை இந்த ஊரில் பார்த்ததில்லை, தன்னிடமும் இரண்டு கோட்டு இருக்கிறது என்றார். வீட்டில் அக்கா தைத்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. புறக்கோட்டைத் தையல்காரர் ஒருவர், இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார் என்றேன்.

துரை பார்த்தவர், அக்கா. நல்ல வேலை எண்டு சொன்னவர். உங்கட பேரைத்தான் நான் சொல்லேல்லை.