பாடையில் எழுந்து உட்கார்ந்த காலை

எங்கள் ஊரில் ஒருமுறை பொய்யாக ஒரு சாவு நடந்தது. அதில் பிணமாகப் படுத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. இன்றைக்கும் காரைக்கால் மார்க்கெட்டில் மீன் விற்கும் ஊர்ப் பெண்கள் யாராவது என்னைப் பார்த்துவிட்டால், "செத்துப் பொழச்ச புள்ளல்ல இது" என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

ஊருக்கு வடக்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி ஒரு மணல்மேடு இருக்கிறது. அங்கே கடற்படைத் தளம் வரப்போகிறது, அணுகுண்டு ஏற்றிய நீர்மூழ்கிக் கப்பல்கள் அங்கேதான் வந்து தங்கும் என்று அந்த வருடம் பேச்சு கிளம்பியது. எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் மேட்டைச் சுற்றி மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை நட்டு வைத்திருந்தார்கள்.

எதிர்ப்பில் முன்னால் நின்றவர் என் மாமா, அம்மாவின் தம்பி. படகு எஞ்சின் ரிப்பேர் பார்ப்பவர். எஞ்சின் ஓடாவிட்டாலும் வாய் ஓடும் என்று ஊரில் அவரைக் கேலி செய்வார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் அவர் எழுந்து, "குண்டு இங்க இருந்தா, அத அடிக்க வர்ற குண்டும் இங்கதாங்க வரும்" என்றார். அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பெண்கள் பஞ்சாயத்தில் பேசும் வழக்கம் கிடையாது. ஆனாலும் அம்மா கூட்டத்துக்கு வெளியே நின்றபடி, "அந்த மேட்டத் தோண்டுவாங்களா?" என்று கேட்டாள். மாமா குனிந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

அம்மா தினமும் அந்த மேட்டில்தான் கருவாடு காயப்போடுவாள். எங்கள் வாசலிலேயே வெயில் மண்டையைப் பிளக்கும். அவ்வளவு தூரம் கூடையைச் சுமப்பானேன் என்று எனக்குப் புரிந்ததில்லை. என்னை அங்கே விளையாடவும் விடமாட்டாள். அதனால் மேடு போனால் போகட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. நல்லவேளையாக என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

அளவெடுக்க அதிகாரி வரும் நாளில் பாடை கட்டி, ஊரே செத்துப்போனதாக ஒப்பாரி வைப்பது என்று முடிவானது. உடனே ஒரு சிக்கல் முளைத்தது. எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் உடலை எடுக்கும்வரை எந்தப் படகும் கடலுக்குப் போகக் கூடாது. பொய்ச் சாவுக்கும் அது உண்டா? இதை வைத்து இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் தலைவர், "பாடைன்னு ஒண்ணு கட்டிட்டா அது பாடைதான். ஒரு போட்டும் எறங்கக் கூடாது" என்று முடித்துவிட்டார்.

கடற்கரையில் வைக்கோலுக்கு எங்கே போவது? மாமா குரும்பகரத்தில் இருந்த ஒரு சிநேகிதர் வீட்டிலிருந்து பைக்கில் கட்டி எடுத்துவந்து, பழைய சட்டைக்குள் திணித்து, பிணத்துக்கு ஒரு பொம்மை செய்தார். மீசைகூட வரைந்தார். மறுநாள் காலை சட்டை மட்டும் மணலில் கிடந்தது. எங்கள் ஊர் மாடுகளுக்கு அப்படியொரு விருந்து அதற்கு முன் கிடைத்திருக்காது.

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எஞ்சின் சத்தமே இல்லாத விடியலை அதற்கு முன் நான் மூன்று நான்கு முறைதான் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு வீட்டில் நிஜமாகவே யாரோ போயிருந்தார்கள். அன்று யாரும் போகவில்லை. ஆனாலும் எல்லோரும் தாழ்ந்த குரலிலேயே பேசினார்கள். படகுகள் வரிசையாகக் கரையில் கிடந்தன. காகங்கள் அவற்றின் மேல் கத்தாமல் உட்கார்ந்திருந்தன.

காலியான பாடையைப் பார்த்துக்கொண்டிருந்த மாமாவின் கண் என் மேல் விழுந்தது. அசையாமல் நிற்கும் விளையாட்டில் தெருவிலேயே நான்தான் கெட்டிக்காரி.

"பாப்பா, கொஞ்ச நேரம் படுத்துக்கிறியா? ஐஸ்க்ரீம் வாங்கித் தர்றன். அம்மாகிட்ட மூச்சு விடாத."

உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பாடையில் கிடத்தலாமா என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கையில் இரும்பு இருந்தால் ஒன்றும் அண்டாதாம். மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு படகு ஆணியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள்.

முதலில் வேடிக்கையாக இருந்தது. "என்னான்னு சொல்லி அழுவுறது?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் கிளுகிளுவென்று சிரித்தார்கள். பிறகு யாரோ மெல்ல இழுத்து ஆரம்பித்தார்கள். சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. எங்கள் பெண்களுக்கு ஒப்பாரியை விளையாட்டாகப் பாடத் தெரியாது. துணிக்கு வெளியே நிழல்கள் முன்னும் பின்னும் ஆடின. பச்சை மூங்கிலும் பன்னீரும் மணத்தன. கொஞ்ச நேரத்தில் என் கால்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஜீப் வந்து நின்றது. பழக்கமில்லாத ஓர் ஆண் குரல், "யாரு இறந்துட்டாங்க?" என்று கேட்டது.

அப்போதுதான் அம்மா வந்தாள். கருவாட்டு வாசனையை வைத்தே தெரிந்துகொண்டேன். மேட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள். துணியை உருவிவிட்டு முதுகில் இரண்டு வைப்பாள் என்று காத்திருந்தேன். கூடை கீழே விழும் சத்தம் கேட்டது. அவள் கைகள் என் பாதத்தைப் பிடித்தன. குதிகாலிலிருந்து முழங்கால்வரை மெதுவாகத் தடவி, அளப்பதுபோல் நின்று நின்று போயின.

"காலு இவ்ளோ வளந்துடுச்சாடி" என்றாள். வீட்டில் பேசுகிற சாதாரணக் குரலில்தான் சொன்னாள். "எங்கடி இருந்த இத்தன நாளா? மூஞ்சியக்கூட எனக்குக் காட்டாம போயிட்டியேடி."

பிறகு ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அது என் பெயர் இல்லை.

மறுபடியும் அதே பெயர். சுற்றியிருந்த பெண்கள் தங்கள் பாட்டை விட்டுவிட்டு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. நான் மட்டும்தான் கேள்விப்பட்டதில்லை. துணிக்குள் என்னோடு வேறொருத்தியும் படுத்திருக்கிறாள், நகர்ந்து நகர்ந்து என் இடத்தை எடுத்துக்கொள்கிறாள் என்று தோன்றியது. அவர்கள் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டால் நான் இல்லாமலே போய்விடுவேன்.

துணியை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

"அம்மா, அது நான் இல்ல. பேரத் தப்பாச் சொல்ற."

பெண்கள் அலறியடித்துச் சிதறினார்கள். கூட வந்த போலீஸ்காரர் ஜீப்வரை ஓடிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். அதிகாரியின் காகிதங்கள் மணலில் பறந்தன. பயம் தெளிந்ததும் ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை தெரியாமல் உள்ளே வந்துவிட்டதுபோல் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பெற்ற பெண்ணின் பெயரையே மறந்துவிட்டாளே என்று நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மாமா வாங்கிவந்த ஐஸ்க்ரீமையும் தொடவில்லை.

அதற்குப் பிறகு அதிகாரிகள் வரவில்லை. தளமும் வரவில்லை. பிணம் எழுந்து உட்கார்ந்ததுதான் காரணம் என்று மாமா இன்றும் சொல்லித் திரிகிறார். நிஜக் காரணம் வேறாக இருக்கலாம். வருகிறது என்று சொல்லாதவர்கள் வரவில்லை என்றும் சொல்லவில்லை. மஞ்சள் கற்கள் இன்னும் அங்கேயே நிற்கின்றன.

பதினைந்து வயதில், அலமாரியில் வேறெதையோ தேடும்போது பழைய ரேஷன் கார்டு ஒன்று கிடைத்தது. அப்பா, அம்மா, அதற்குக் கீழே அந்தப் பெயர். மகள், வயது ஐந்து. குறுக்கே ஒரு கோடு. மாமாவிடம் கேட்டேன். நான் பிறப்பதற்கு முந்தைய வருடம் கடல் ஊருக்குள் வந்தபோது போனவள், என் அக்கா. அன்று கிடைத்தவர்களையெல்லாம் அந்த மேட்டில் ஒரே குழியில் புதைத்திருக்கிறார்கள். அடிபட்டுக் கிடந்த அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவருவதற்குள் குழியை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு சாவு. யாருக்காக யார் அழுவது?

ஆக, அக்காவுக்காக ஊர் கூடி அழுதது அந்த ஒரு காலையில்தான். அவளுக்காகப் படகுகள் கரையில் நின்றதும் அன்றுதான். அம்மா பத்து வருடம் கழித்து அவள் காலைப் பிடித்து அழ ஆரம்பித்திருந்தாள். பாதியில் எழுந்து உட்கார்ந்து, அது நான் இல்லை என்று சொல்லி அதை நிறுத்தியவள் நான்.