காய்ச்சல் விட்ட காலை

எனக்குக் காய்ச்சல் என்றால் போதும், கூப்பிடாமலே கீழ்க்கட்டளையிலிருந்து அத்தை வந்து இறங்கிவிடுவாள். அப்பாவின் அக்கா. டாக்டருக்குப் படிக்காத குறை ஒன்றுதான். அந்த முறை அவள் கைப்பையிலிருந்து ஆரஞ்சு நிறச் சிரப் ஒன்று வெளியே வந்தது. அவள் பையனுக்கு ஒரே மூடியில் காய்ச்சல் ஓடிப்போனதாம்.

முடிச்சூரில் காலி மனைகளில் மழைநீர் தேங்கிக் கிடந்த நேரம். எங்கள் தெருவிலேயே இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு. எனக்கும் அதுவாக இருக்கலாம், பாராசிட்டமால் தவிர வேறெதுவும் கொடுக்காதீர்கள், வேறு மருந்து உள்ளே ரத்தம் கசிய வைத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாராசிட்டமாலோ கொஞ்ச நேரம் குறைப்பதும் மறுபடி ஏறவிடுவதுமாக விளையாட்டுக் காட்டியது.

"புள்ள அனலா கொதிக்குது, நீ டாக்டர் பேச்சையே பிடிச்சிட்டு இருக்கே. பெத்தவதானே நீ?" என்றாள் அத்தை.

"ரத்த டெஸ்ட் வரட்டும் அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா ஈரத்துணியால் என் கைகால்களைத் துடைத்தாள். அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். அந்த மருந்து தித்திக்கும் என்று எனக்குத் தெரியும். கெஞ்சினேன். நீ வேண்டாம், அத்தைதான் வேணும் என்றுகூடச் சொன்னேன். அம்மா எழுந்துபோய்ப் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தாள். எனக்கு அவள் மேல் அப்படியொரு ஆத்திரம்.

டெங்குதான் என்று ரிசல்ட் வந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் காய்ச்சல் விட்டது. அத்தை திருஷ்டி சுற்ற உப்பு மிளகாய் எடுத்தாள். அப்பா ஆபீசுக்குச் சட்டை மாட்டினார். வயிறு வலிக்கிறதா என்று அம்மா கேட்டாள். வலிக்கிறது என்றேன். என் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். சில்லிட்டிருந்தன.

"ஆட்டோ கூப்பிடுங்க."

"காய்ச்சல்தான் விட்டுடுச்சே" என்றார் அப்பா.

"அதனாலதான்."

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். காய்ச்சல் விடும்போதுதான் டெங்கு தன் வேலையைக் காட்டும், சாயந்திரம் வரை விட்டிருந்தால் பிள்ளை கையை விட்டுப் போயிருக்கும் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. காதோடு சரி. நூற்று நாலு டிகிரியில் கண் கலங்காத அம்மா அப்போதுதான் என் கட்டிலில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

மருந்தைக் கொட்டியதற்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பாவமாகிவிட்டது. ஊசி குத்தாத கையால் அவள் தலையைத் தடவி, "பரவால்லம்மா, அத்தைகிட்ட வேற வாங்கிக்கலாம்" என்றேன்.