விமலா டீச்சர் வீட்டுக் கொடிக்கம்பம்

போன மாதம் ஒரு நாள், மறைமலை நகரில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வந்தேன். பெருங்களத்தூர் தாண்டும்போது மகள் யாழினியின் எஸ்எம்எஸ் வந்தது. விமலா டீச்சர் தவறிவிட்டார், பள்ளியிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று எழுதியிருந்தாள். தாம்பரத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் உட்கார்ந்தே இருந்தேன். டிரைவர் வந்து தோளைத் தொட்டு எழுப்பினார், தூங்குகிறேன் என்று நினைத்து.

சேலையூரில் நம் காலனியில் பாதிப் பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். மீதிப் பேர் பிள்ளைகளை அனுப்பியவர்கள். உங்களுக்கெல்லாம் அவர் டீச்சர். எனக்கு முதல் இரண்டு வருஷம் அவர் பக்கத்து வீட்டு எதிரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மொட்டை மாடியில் கிடார் செய்கிறவன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மரத்தூள் பறந்து, அவர் கொடியில் உலரும் காட்டன் புடவைகளில் செம்பழுப்பாக அப்பிக்கொள்ளும். ஒரு நாள் கைப்பிடிச் சுவரருகே வந்து நிதானமாகச் சொன்னார். என் மாடி, என் இஷ்டம் என்றேன். அதோடு பேச்சு நின்றது. வாய்க்கொழுப்பு என்னுடையதுதான் என்று அன்றைக்கே தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் அத்தனை நாள் ஆயிற்று.

யாழினிக்காக நான் செய்த முதல் கிடாரின் முதுகுப் பலகையைத் தட்டையாக வைத்துவிட்டேன். கத்திரி வெயிலில் மரம் சுருங்க இடமில்லாமல் நீளவாக்கில் பிளந்தது. அவள் கோபிக்கவில்லை. உறையில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. வீட்டில் சத்தமில்லாமல் போனது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

முதுகுக்கு லேசான வளைவு வேண்டும். பதினைந்து அடி ஆரமுள்ள வட்டத்தில் ஒரு துண்டை எடுத்தால் எவ்வளவு வளையுமோ, அவ்வளவு. அந்த வளைவில் வெட்டிய டெம்ப்ளேட் ஒன்று கையில் இருந்தால், வைத்து வைத்துப் பார்த்து மரத்தைச் சீவலாம். பிரவுசிங் சென்டரில் தேடினால் எல்லாம் வெளிநாட்டில் விற்கிறது, கிரெடிட் கார்டு கேட்கிறது. நாமே வரைந்துகொள்ளலாம் என்று ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியும் படிக்கட்டு அறையும் போக எனக்கு மிஞ்சியது ஒன்பது அடி. வட்டத்தின் மையம் விமலா டீச்சர் மாடியில் விழுந்தது.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். மென்று விழுங்கிச் சொல்லி முடித்தேன். எத்தனை அடி என்று மட்டும் கேட்டார்.

"கணக்கு போட்டே புள்ளி புள்ளியா குடுத்துடலாம் சார். ஆனா வரைஞ்சா நல்லா இருக்கும்ல?" என்றார்.

மறுநாள் விடிந்ததும் வரைந்தோம். அவர் துணி உலர்த்தும் கொடியின் இரும்புக் கம்பம்தான் மையம். கம்பியின் கண்ணியை அதில் மாட்டி, கீழே நழுவாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் மேஜைமேல் பிளைவுட் பட்டை, என் கையில் பென்சில். இரண்டு சுவர்களுக்கு மேலே கம்பி இளவெயிலில் கண்ணுக்கே தெரியவில்லை. ஒன்றுமில்லாத காற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்பதுபோல இருந்தது. நான் கோடு போடப் போனபோது நிறுத்தினார். கண்ணி கம்பத்தின் பின்பக்கம் பிடித்திருக்கிறது, ஆகவே கம்பத்தின் பாதித் தடிமன் குறைகிறது, கம்பியை அந்த அளவு நீட்ட வேண்டும் என்றார். அது ஒரு விரல் அகலம்கூட இல்லை, கிடாருக்குத் தெரியாது என்றேன்.

"தப்பு சின்னதுதான் சார். தெரிஞ்சே எதுக்கு விடணும்?"

நீட்டினோம். கோடு விழுந்தது. அவர் கண்ணியை விடாமல் அப்படியே நின்று, மீதி வட்டம் எங்கெல்லாம் போகிறது என்று முகத்தாலேயே காட்டினார். பின் வீட்டு முருங்கை மேல், தெரு விளக்கு வழியாக, அவருடைய தண்ணீர்த் தொட்டியைத் தொட்டு, மறுபடி என்னிடம். அவர் சொன்ன பிறகு எனக்கும் தெரிந்தது. இன்றைக்கும் மாடியில் மல்லாந்து படுத்தால் அந்த வட்டம் மெல்லச் சுற்றி வருகிறது.

அன்றைக்கே ஓர் ஏற்பாடும் சொன்னார். துணியை எடுத்ததும் சாவியால் கம்பத்தில் இரண்டு தட்டு தட்டுவார். அதற்குப் பிறகு நான் உப்புத்தாளை எடுக்கலாம். ஐந்து வருஷம், ஒரு ஞாயிறு தவறவில்லை. டங், டங். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்தேன். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அதற்கு அவசியமில்லை என்று தோன்றிவிடும். கேட்டிருக்கலாம்.

இரண்டாவது கிடார் பிளக்கவில்லை. சாயங்காலம் யாழினி வாசித்தால் டீச்சர் நோட்டுத் திருத்துவதை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் வருவார். "நம்ம வட்டம் நல்லா பாடுது" என்று ஒரு தடவை சொன்னார். யாழினி அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, அவரை எடுத்துப் போன அன்று என்னிடம் சொன்னாள்.

அந்த பிளைவுட் டெம்ப்ளேட் என்னிடம் இருக்கிறது. 'ஆரம் 15 அடி' என்று கரும்பலகையில் எழுதுவதுபோல் கொட்டை எழுத்தில் அவர் எழுதியது அழியவில்லை. அடுத்த கிடாருக்கு முதுகுப் பலகை ஒட்டித் தயாராக வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனேன். அந்தப் பக்கம் கொடி வெறுமையாகத்தான் இருந்தது, தூசி படிய ஒரு துணியும் இல்லை. உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறும்வரை அந்த இரண்டு தட்டுக்காகக் காத்திருந்துவிட்டுக் கீழே இறங்கினேன்.