ரொட்டித் தொட்டியில் ஒரு குளியல்

பிள்ளைகளே, வாசலில் நீங்கள் சப்பாத்துகளை எறிகிற நீள மரத்தொட்டி இருக்கிறதல்லவா? உங்கள் அக்கா குழந்தையாக இருந்தபோது அதில்தான் குளித்தாள்.

அப்போது நாங்கள் டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் ஒரு பழைய பண்ணை வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரி வயதான ஒரு டெனிஷ் அம்மா. ஊருக்குள் குடிபோன அவர், "குளிர் முடியுமட்டும் இருங்கோ, பிறகு வந்து பார்த்துச் சொல்லுறன்" என்று சாவியைத் தந்திருந்தார். அவர் மாட்டேன் என்றால் கைக்குழந்தையோடு வெளியேற வேண்டியதுதான். நான் வேலை செய்த தொழிற்சாலைக்குக் கிட்ட வேறு வீடும் கிடைக்கவில்லை.

அந்தக் குசினியை நினைத்தால் இப்போதும் கனவுக்குள் நடப்பது போல இருக்கிறது. சுவரோரம் கறுத்த இரும்பு அடுப்பு. அதற்குள் விறகு தன்பாட்டில் முணுமுணுக்கும். யன்னலடியில் உட்கார ஒரு நீள வாங்கு. மேற்பலகையைத் திறந்து இழுத்தால் கட்டிலாகிவிடும். கேத்தல் ஆவி கண்ணாடியில் படியப் படிய வெளியே பனிவயல் மங்கிப்போகும். வீடே முகிலுக்குள் மிதப்பது போல இருக்கும்.

உங்கள் அம்மாவுக்கு வயிற்றில் வெட்டித்தான் பிள்ளை பிறந்தது. அதனால், எங்கள் வழக்கப்படி நிலத்தில் உட்கார்ந்து, நீட்டிய காலில் பிள்ளையைக் கிடத்தி வார்க்க முடியவில்லை. அடுப்படியில் இந்தத் தொட்டி கிடந்தது. ஒரே மரத்தில் குடைந்தது, தோணி மாதிரி.

"இஞ்சாருங்கோ, இது பிள்ளை குளிப்பாட்டவெண்டே செய்தது போல கிடக்கு," என்றார் உங்கள் அம்மா.

"ஓம், மேசையில வைச்சா நீர் குனியவும் தேவையில்லை."

ஒரு நாள் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். தொட்டியைக் கண்டதும் நின்றுவிட்டார். அவர் சொன்னதை எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

"அது ரொட்டிக்கு மாக் குழைக்கிற தொட்டியெல்லோ! நாங்கள் அதைக் கழுவுறதே இல்லை, சுரண்டி மட்டும் வைப்பம். மரத்தில நிக்கிற புளிப்புத்தான் அடுத்த மாவைப் பொங்க வைக்கும். சவர்க்காரம் போட்டனீங்களோ?"

"ஓம்," என்றேன். "ஒவ்வொரு நாளும்."

உங்கள் அம்மா என்னிடம் மெல்லக் கேட்டார்: "பெட்டியைக் கட்டுவமோ?"

அந்த அம்மா குனிந்து தொட்டியை மணந்து பார்த்தார். பிறகு பிள்ளையின் ஈரத் தலையை மணந்து பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"என்ரை அம்மா இருந்திருந்தா அகப்பையோட உங்களைக் கலைச்சுத் துரத்தியிருப்பா. நானெண்டால் இப்ப ரொட்டியைக் கடையிலதான் வாங்குறன். முதல்ல பிள்ளையைப் பாருங்கோ, தண்ணி ஆறுது!"

அவரே சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து தலையைத் தாங்கினார். வெளிச்சம் தண்ணீரில் ஆடி அவர் முகத்தில் அலைந்தது.

"இருக்கலாமோ?" என்று நான்தான் கேட்டேன்.

"இனி இதில மாப் பொங்காது. பிள்ளையாவது பொங்கட்டும். இவளின்ரை கால் இதுக்கு வெளியில வருமட்டும் இருங்கோ."

கால் வெளியே வந்த பிறகும் இருந்தோம். இந்த ஹோர்சன்ஸ் வீட்டுக்குக் குடிவந்த அன்று, தொட்டியை அவரே எங்கள் காரில் ஏற்றிவிட்டார்.

மழைநாளில் நனைந்த சப்பாத்துகளை அதில் போட்டால் ஒரு புளிப்பு மணம் எழும்பும். பழைய மாவின் மணம் என்கிறேன் நான். உங்கள் காலுறை மணம் என்கிறார் அம்மா.