தலையை ஆட்டாதீங்க

எங்கள் வீட்டுக்காரர் தொழிலில் ஓயாமல் சொல்லும் வார்த்தை "தலையை ஆட்டாதீங்க" என்பதுதான். இரண்டு நாற்காலி போட்ட சலூன் வைத்திருக்கிறார். கத்தி காது ஓரம் போகும்போது நாற்காலியில் இருப்பவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் இந்த அதட்டலுக்குத் தப்ப முடியாது. ஊரார் தலையையெல்லாம் அசையாமல் பிடித்து வைக்கிற மனிதருக்குத் தன் தலையை மட்டும் சும்மா வைத்திருக்கத் தெரியாது. கேட்டாலும் ஆட்டுவார், கேட்காவிட்டாலும் ஆட்டுவார்.

காது மந்தமாகி ஏழெட்டு வருஷம் இருக்கும். கேட்கவில்லை என்று ஒரு நாளாவது வாயைத் திறந்து சொல்லியிருப்பாரா? அடுப்பை அணைக்கச் சொன்னால் ஆட்டுவார், பால் பொங்கி வழியும். "காது என்ன செவிடா?" என்று நான் கரடியாகக் கத்தினால் அதற்கும் ஒரு ஆட்டல். தெருவில் அவருக்குப் பூம்பூம் மாடு என்று பெயர். அந்தப் பெயரும் அவர் காதில் விழாது. எனக்குத்தான் விழும்.

ஒருநாள் கல்யாண மாப்பிள்ளை ஒருத்தர் கடைக்கு வந்து, "அண்ணே, மீசையில மட்டும் கை வெச்சுடாதீங்க" என்றிருக்கிறார். இவர் மீசை என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு, மழமழவென்று வழித்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா கடை வாசலில் நின்று போட்ட சத்தம் இவருக்கே முழுசாகக் கேட்டது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார், அதுவும் நான் இழுத்துக்கொண்டு போனதால்.

டாக்டரம்மா பொறுமைசாலி. "நரம்பு நல்லா இருக்கு. காதுக்குள்ள அரிசியைவிடச் சின்ன எலும்பு ஒண்ணு இறுகிப் போச்சு. அதை எடுத்துட்டு ஒரு குட்டித் தண்டு வெச்சா கேக்கும்" என்றார். செய்வதற்கு இரண்டு வழி. முழு மயக்கம் கொடுத்துத் தூங்க வைத்துச் செய்யலாம். இல்லையென்றால் காதைச் சுற்றி ஊசி போட்டு, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கலாம். அப்படிச் செய்தால் ஆள் முழித்திருப்பார். கேட்கிறதா என்று அங்கேயே கேட்டு, சரியில்லையென்றால் உடனே திருத்தலாம்.

"உங்களுக்கு ரெண்டும் ஒத்துக்கும். எது வேணும்?" என்றார்.

இவர் ஆட்டினார்.

"எதுக்குங்க ஆட்டறீங்க?" என்றார் டாக்டரம்மா. அதற்கும் ஆட்டினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

காகிதத்தில் எழுதிக் காட்டினார்கள். முழித்திருக்கிற வழியில் விரலை வைத்தார் மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்காமலே ஆட்டித் தொலைத்தால், கேட்கிறது என்று நினைத்து மூடிவிடுவார்கள். கருவி காதுக்குள் இருக்கும்போது ஆட்டினால் இருக்கிற கொஞ்சநஞ்சமும் போய்விடும். டாக்டரம்மாவும் அதையே சொன்னார்: "அசையவே கூடாது. எதுவானாலும் வாயால சொல்லணும்."

வீட்டுக்கு வந்து காதோரம் கத்திச் சண்டை போட்டேன். "பேசாம மயக்கத்துக்கே ஒத்துக்கோங்க!"

"தூங்கற ஆளுக்கு முடி வெட்டிப் பாத்திருக்கியா? தலை எங்கெங்கயோ சாயும். முழிச்சிருக்கறவன்தான் ஒழுங்கா இருப்பான்" என்றார்.

"அங்க யாரும் உங்க தலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கப் போறதில்ல. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

ஆட்டினார்.

விடுமுறை நாளில் கடைக் கதவை உள்ளே சாத்திக்கொண்டு, அவர் நாற்காலியிலேயே அவரை உட்கார வைத்தேன். போர்வையைக் கழுத்தில் கட்டி, உச்சந்தலையில் ஒரு சீப்பை வைத்தேன். காதருகே குனிந்து "கேக்குதா?" என்றேன். சீப்பு தரையில் விழுந்தது. எடுத்து வைத்துத் திரும்பக் கேட்டேன். திரும்ப விழுந்தது. மெல்லமாகக் கேட்டாலும், சத்தமாகக் கேட்டாலும், வாயை மட்டும் அசைத்துச் சத்தமே வராமல் கேட்டாலும் விழுந்தது. கடைசியில் சீப்பின் பல் ஒன்று உடைந்தது. சுட்டுப்போட்டாலும் இந்த மனுஷனுக்கு வராது என்று துடைப்பத்தை எடுத்துக் கடையைப் பெருக்க ஆரம்பித்தேன். எனக்கு அழுகையாக வந்தது. அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் அன்றைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சீப்பு விழுகிற சத்தம் கேட்பது போலவே இருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் டாக்டரம்மா முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் மாதிரி அசையாம ஒருத்தரை நான் பாத்ததில்ல" என்றார்.

எனக்கு ஆளை மாற்றிச் சொல்கிறாரோ என்று சந்தேகம் வந்தது.

"தண்டை வெச்சுட்டு, சின்னச் சத்தமெல்லாம் கேக்குதான்னு உரக்கக் கேட்டேன். தலை இம்மிகூட ஆடல. 'இல்லீங்கம்மா, கேக்கல'ன்னு பளிச்சுனு சொன்னார். கொஞ்சம் நகர்த்தி வெச்சேன். 'இப்ப கேக்குதுங்க, யாரோ தட்டுல கத்திரியை வெச்சாங்க'ன்னார். அவர் கேக்கலைன்னு சொன்னதாலதான் சரியா வைக்க முடிஞ்சது."

சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. கேட்கவில்லை என்று சொல்ல அந்த வாய்க்குத் தெரிந்திருக்கிறது! இத்தனை வருஷம் என்னைக் கத்த விட்டு, பாலைப் பொங்க விட்டு, ஊர் சிரிக்க விட்டு, முன்பின் பழகாத ஒரு டாக்டரிடம் போய் ஒரே கேள்விக்குச் சொல்லியிருக்கிறார்.

உள்ளே கட்டிலில் காதுக் கட்டோடு படுத்திருந்தார். கட்டுப் போடாத காதுப் பக்கம் குனிந்து சத்தமாகக் கேட்டேன். "அவங்ககிட்ட மட்டும் கேக்கலைன்னு வாயைத் திறந்து சொன்னீங்களே, என்கிட்ட ஒரு தடவையாவது சொன்னீங்களா?"

தலையை ஆட்டவில்லை. மெதுவாகச் சொன்னார்.

"அவங்க 'கேக்குதா'ன்னு கேட்டாங்க. கேக்கலைன்னேன். நீ இத்தனை வருஷமா 'காது என்ன செவிடா'ன்னுல்ல கேட்டுட்டிருந்த? அதுக்கு ஆமான்னு எப்படிடீ சொல்றது?"

நான் தலையை ஆட்டி வைத்தேன்.