சிப்பாஷா டீச்சரின் வலது காது

முழு சாக்பீஸைப் படக்கென்று இரண்டாக உடைத்து, ஒரு பாதியைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் பெர்பெட்டுவா சிப்பாஷா பாடம் தொடங்குவார். “நீள சாக்பீஸ் கையில இருந்தா டீச்சர் நீளமாப் பேசுவா” என்பார். அடுத்து செருப்பு, அது கதவோரம் போகும். பிறகு மேசைமேல் இருக்கும் அலுமினியத் தட்டின் மூடி திறக்கும். உள்ளே சிக்கண்டா. கிழங்கு மாவையும் நிலக்கடலையையும் அவரே கிண்டி வேகவைத்தது. வட்டமாக, பழுப்பாக, மிளகாய் மணத்தோடு இருக்கும். முன்பெஞ்சில் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்கும்.

கத்தி இறங்கும். கரும்பலகையில் இரண்டில் ஒன்று. மறுபடி இறங்கும். நான்கில் ஒன்று. மறுபடியும். எட்டில் ஒன்று. கத்தியை வைத்துவிட்டு, வலது கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, உடம்பை வகுப்பின் பக்கம் சாய்ப்பார்.

“அடியில எண்ணு பெருத்தா?”

“துண்டு இளைக்கும்!”

“கேக்கலையே, எனக்கென்ன காது அடைச்சிருக்கா?”

“துண்டு இளைக்கும்!” கூரைத் தகரம் அதிரும்.

எங்கள் ஊர் கசாமாவில் அந்தப் பாட்டு தெரியாத ஆள் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். பள்ளியை ஒட்டிய சாலையில் சைக்கிளில் கரி மூட்டை ஏற்றிப் போகிறவர்கள் மிதிப்பதை நிறுத்தாமலே சன்னலைப் பார்த்து “இளைக்கும்!” என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். கல்யாண வீட்டில் கேக் வெட்டினால் பெண்கள் கையைக் காதில் குவித்துக்கொண்டு அதைப் பாடி ஆடுவார்கள். மாவட்ட வானொலியில் வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடம் கழித்தும், தட்டில் எதையாவது துண்டு போடும்போது என் வாய்க்குள் அது ஓடுகிறது. நானும் அந்த வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியவன்தான்.

பாடம் நடத்தாத நேரத்தில் அவர் சின்ன ஆள். தோளில் ஒரு பக்கமாகச் சரியும் கார்டிகன், இடுப்பில் பச்சைச் சித்தெங்கே துணி, அதன் முடிச்சில் எப்போதும் ஒரு ஊக்கு. மற்றவர்கள் பாடத்தைக் குறை சொல்வதில் மட்டும் சின்ன ஆள் இல்லை. ஒருவர் வகுப்பை மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் வழக்கம். அவர் பள்ளியில் அதற்கு ஒரு விதி உண்டு, அவரே கொண்டுவந்தது. பின்னால் உட்காருகிறவர் டீச்சரைப் பார்க்கக் கூடாது. ஆளுக்கொரு பிள்ளையைத் தேர்ந்துகொண்டு, மணி அடிக்கும்வரை அதன் முகத்தையும் கையையுமே பார்க்க வேண்டும். முடிந்ததும் மாமரத்தடியில் தேநீர். எல்லோரும் பேசித் தீர்க்கும்வரை பாடம் நடத்தியவர் வாய் திறக்கக் கூடாது. இந்த விதியால் அழுதுகொண்டே தேநீர் குடித்தவர்கள் உண்டு.

சிப்பாஷா டீச்சரின் சிக்கண்டா பாடத்துக்கு மட்டும் யாரும் அந்த விதியைக் கடைப்பிடித்ததில்லை. எல்லோரும் அவரையே பார்ப்பார்கள். கடைசியில் கைதட்டுவார்கள்.

வைட்சன் ஜேரே சிப்பாட்டாவிலிருந்து மாற்றலாகி வந்த பிறகுதான் அது மாறியது. ஜேரே ங்கோனி இனம், டீச்சர் பெம்பா இனம். இரண்டு கூட்டத்துக்கும் கேலி முறை, ஒருவரை ஒருவர் எவ்வளவு கிண்டலடித்தாலும் கோபிக்கக் கூடாது. பார்த்த நாளிலேயே டீச்சர் ஜேரேயை, எலி தின்கிற ஊர்க்காரர் என்று ‘எலிக்கறி’ ஆக்கினார். ஜேரே பதிலுக்கு டீச்சரைக் ‘குரங்குக்கறி’ ஆக்கினார். ஆசிரியர் அறைக்கு அதுவே வணக்கம்.

அந்த வருடம் வெளிப் பள்ளிகளின் ஆசிரியர்கள் எல்லாம் வந்து பார்க்க, மாகாணமே சிக்கண்டா பாடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. அதற்கு முந்தைய வாரம் ஒத்திகை. பாட்டைப் பதிவு செய்ய நான் போயிருந்தேன். பாடம் முடிந்தது, கூரை அதிர்ந்தது, மாமரத்தடியில் தேநீர் வந்தது. ஒவ்வொருவராகப் புகழ்ந்தார்கள். ஜேரேயின் முறை.

“நான் மாபாலோவைப் பாத்தேன். சன்னலோரம், மூணாவது பெஞ்சு.”

“எலி பிடிக்கிற ஊர்க்காரனுக்கு மூலையிலதானே கண்ணு போகும்!” என்றார் டீச்சர்.

“பேசக் கூடாது மேடம். உங்க விதி. குரங்கு தின்னாலும் விதி விதிதான்.” சிரிப்பு அடங்கக் காத்திருந்தார் ஜேரே. “எல்லாரையும்விட அவதான் சத்தமாக் கத்தினா. ஆனா கையி பெஞ்சுக்கு அடியில. நாலு விரல் நீட்டுவா, எட்டு விரல் நீட்டுவா, மாத்தி மாத்திப் பாப்பா. வெளிய வந்ததும் கேட்டேன், பசிச்சா எந்தத் துண்டு வேணும், நாலில் ஒண்ணா, எட்டில் ஒண்ணான்னு. எட்டுதான் சார், எட்டுதானே பெருசுன்னுட்டா.”

தேநீர்க் குவளைகள் எல்லாம் பாதி வழியில் நின்றன.

“கூப்பிடுங்க அவளை” என்றார் டீச்சர், விதியை மறந்து.

மாபாலோ ஓடி வந்தாள். டீச்சர் அதே கேள்வியைக் கேட்டார். அதே பதில் வந்தது.

“அப்புறம் என்னடி பாடினே இவ்வளவு நேரம்?”

சிறுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. எது என்றுதான் தெரியவில்லை. “அது பாட்டு, டீச்சர்” என்றாள்.

அதற்கப்புறம் டீச்சர் ஜேரேயோடு பேசவில்லை. திட்டக்கூட இல்லை. கேலி முறைக்காரர்களுக்குள் கேலி நின்றுபோவதுதான் பெரிய சண்டை. ஜேரே என்னைப் பிடித்துக்கொண்டு புலம்பினார். “ஒரு தடவை எலின்னு சொல்லிட்டாப் போதும், அண்ணே. ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது. நான் வாயைத் திறந்திருக்கக் கூடாதோ?”

சனிக்கிழமை சந்தையில் டீச்சரைப் பார்த்தேன். ரொட்டி விற்கும் சாம்பா முன்னால் நின்றுகொண்டிருந்தார். சாம்பா என் வகுப்புத் தோழி. டீச்சரைக் கண்டதும் கையைக் காதில் குவித்துவிட்டாள்.

“பாட வேண்டாம்மா. சும்மா சொல்லு. நாலில் ஒண்ணு, எட்டில் ஒண்ணு, எது பெருசு?”

“எட்டு, டீச்சர்... இல்ல, இருங்க. பாட்டுல எப்படி வரும்? முதல்லேர்ந்து பாடிப் பாக்குறேன்.”

சாம்பா பாடினாள். பக்கத்துக் கடைக்காரிகளும் சேர்ந்துகொண்டார்கள். சந்தையின் அந்த வரிசை முழுக்க “துண்டு இளைக்கும்” என்று ஆடியது. என்ன அழகான குரல்கள்! ஐந்தாம் வகுப்பின் சாக்பீஸ் தூள் வாசனையே மூக்கில் ஏறியது எனக்கு. டீச்சர் மட்டும் நடுவில் ஒரு ரொட்டியைப் பிடித்தபடி, பேருந்தைத் தவறவிட்டவர்போல நின்றார்.

திங்கட்கிழமை காலை ஆசிரியர் அறைக் கதவு திறந்தது.

“ஏய் எலிக்கறி! என் கிளாஸுல வந்து உக்காரு. என்னைப் பாத்தே, கண்ணைப் பிடுங்கிடுவேன். அவளைப் பாரு.”

ஜேரே நாற்காலியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். “குரங்கு கூப்பிட்டா வராம இருக்க முடியுமா!”

அந்த வாரம் வகுப்பில் பாட்டு இல்லை. பெஞ்சுக்கு ஒரு சிக்கண்டா, வெட்டுவதற்குச் சணல் நூல். பிள்ளைகளே நாலாக்கினார்கள், எட்டாக்கினார்கள், சண்டை போட்டார்கள், ஒருவன் பாதியை வாயில் போட்டுக்கொண்டான். டீச்சருக்கோ காத்திருக்கத் தெரியவில்லை. ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஐந்து நொடி சும்மா நிற்பது அவருக்கு அடுப்பின் மேல் நிற்பது மாதிரி. உதடு பாட்டுக்குக் குவியும்போதெல்லாம் பின்பெஞ்சில் ஜேரேயின் விரல் உயரும். “பாட்டு தொண்டையிலயே வந்து நிக்குதுப்பா, இருமல் மாதிரி” என்றார் டீச்சர் அவரிடம். பள்ளிக் குழாயடியில் தனியாகக் கை கழுவும்போது முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். என்னைப் பார்த்ததும் குழாயை மூடுவதுபோல அதையும் மூடிவிட்டார்.

தலைமையாசிரியர் கலும்பா தவித்துப்போனார். “வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் பாடிடுங்க மேடம். மாகாணத்துல பாதிப் பேர் அந்தப் பாட்டைக் கேக்கத்தான் வர்றாங்க. திங்கக்கிழமையிலேர்ந்து உங்க இஷ்டம்.”

“நான் பாடினா அவங்களும் ஊருக்குப் போய்ப் பாடுவாங்க சார்.”

“அதானே வேணும் நமக்கு!”

“அங்கேயும் ஒவ்வொரு பெஞ்சுலயும் ஒரு மாபாலோ இருப்பாளே சார். அவளைப் பாக்க எலிக்கறி இருக்க மாட்டானே.”

கலும்பா சார் விருந்தினருக்குக் கோழி சொல்லப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வகுப்பின் பின்சுவர் தெரியாத அளவுக்கு ஆசிரியர்கள். சன்னலுக்கு வெளியேயும் தலைகள். கைப்பேசிகள் உயர்ந்து நின்றன. டீச்சர் சாக்பீஸை உடைத்தார். செருப்பைக் கழற்றினார். தட்டு திறந்தது, நூல் பெஞ்சு பெஞ்சாகப் போனது. பிள்ளைகள் மெதுவாக வெட்டினார்கள், கோணலாக வெட்டினார்கள். பாட்டு வரவில்லை. விருந்தினர்களுக்குள் சலசலப்பு. எனக்குப் பக்கத்தில் ஒருவர் கைப்பேசியை அணைத்துவிட்டு, “இதுதானா அது? இதுக்கா இவ்வளவு தூரம்?” என்றார். கதவோரம் நின்ற கலும்பா சார் டீச்சரின் கண்ணைப் பிடித்து, தன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் காட்டினார்.

டீச்சரின் வலது கை உயர்ந்தது. வகுப்பு முழுதும் மூச்சை இழுத்து மார்பை நிரப்பியது. கைப்பேசிகள் மறுபடி எழுந்தன. நானும் மூச்சை இழுத்துவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

கை பாதியில் நின்றது. டீச்சர் பெஞ்சுகளுக்கு நடுவே வெறுங்காலோடு நடந்துபோய், சன்னலோரம் மூன்றாவது பெஞ்சருகே முழங்காலிட்டார். மாபாலோவின் முன்னால் இரண்டு துண்டுகள். நாலில் ஒன்று, எட்டில் ஒன்று.

“எது வேணும், ஏன்னு எனக்கு மட்டும் சொல்லு” என்றார்.

மாபாலோ நூலைத் திருகினாள். நேரம் போனது. யாரோ இருமினார்கள். பின்பெஞ்சில் ஜேரே டீச்சரைப் பார்க்கவில்லை. சிறுமியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரல் எட்டில் ஒன்றைத் தொட்டது. நின்றது. பக்கத்துத் துண்டுக்குப் போய் அதன் அகலத்தை ஓரம் முழுக்கத் தடவியது. பிறகு மாபாலோ குனிந்து பேச ஆரம்பித்தாள், எங்கள் யாருக்கும் கேட்காத குரலில்.

டீச்சர் கையைக் காதுக்குப் பின்னால் குவித்து அவள் வாயருகே சாய்ந்திருந்தார். அவள் சொல்லி முடித்து, நாலில் ஒன்றை எடுத்துக் கடித்த பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.