கேமராவுக்கு முதுகு

வகுப்பில் தொண்டை இறுகும்போதெல்லாம் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவேன். சுத்தமாக இருக்கும் பலகையை இன்னொரு தடவை துடைப்பேன். உள்ளிருந்து யாரோ குரல்வளையைப் பிடித்ததுபோல் இருக்கும். வாயில் எச்சில் ஊறும், இடது கை மட்டும் புல்லரித்து மரத்துப்போகும். பேச்சு வராது, ஆனால் நினைவு தப்பாது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். விட்ட கணக்கிலிருந்து மறுபடி தொடங்குவேன். பதினொரு வருடம் அரக்கோணத்துப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கும் தெரியாமல் இப்படிச் சமாளித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பார்த்த டாக்டர்கள் வாயு என்றார்கள், தைராய்டு என்றார்கள், கடைசியில் பயம் என்று முடித்துவிட்டார்கள். தலையை ஸ்கேன் எடுத்தும் ஒன்றுமில்லை என்றே வந்தது. திருத்தணி மலைக்குப் படியேறி வேண்டிக்கொள்ளச் சொன்னார் நாத்தனார். ஏறினேன். பாதிப் படியிலேயே அந்த இறுக்கம் வந்தது.

"உனக்கு இன்னா கொறைச்சல்? சும்மா எதனா யோசிச்சிகினே கீற, அதான்" என்பார் கணவர். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த 'அதான்' காதில் விழுந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பயந்தாங்கொள்ளி என்ற பெயரோடு காலம் தள்ளுவதில்லை என்று முடிவு செய்தேன். விசாரித்து, சென்னையில் வலிப்புக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரிடம் போனேன். நான் சொன்னதை அவர் முழுதாகக் கேட்டார். மூளையின் மடிப்புக்குள் இன்சுலா என்று ஒரு பகுதி இருக்கிறதாம், அங்கே வலிப்பு வந்தால் இப்படித்தான் இருக்குமாம், வலிப்பைக் கண்டுபிடிக்கத் தலைமேல் ஒட்டும் வயர்களுக்கு அது பல நேரம் எட்டாதாம். புடவைக் கொசுவத்துக்குள் விழுந்த கறை என்று நான் புரிந்துகொண்டேன். வலிப்பு மாத்திரை இரண்டு வகை கொடுத்துப் பார்த்தார். அடங்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் 'அதான்' இன்னும் உறுதியாகிவிட்டது.

மிச்சமிருந்தது ஒரே வழி. வலிப்பு தொடங்கும் நொடியிலேயே ஊசியில் ஒரு மருந்தை ஏற்றினால், வலிப்பால் மூளையில் ரத்தம் அதிகமாகப் பாயும் இடத்தில் அது தங்கும். பிறகு படமெடுத்தால் இடம் தெரிந்துவிடும். வலிப்பு வரட்டும் என்று மாத்திரையைக் குறைத்து என்னை வார்டில் சேர்த்தார்கள். தலை முழுக்க வயர், எதிரே கேமரா, வலிப்பு தொடங்கியதும் அழுத்தக் கையில் ஒரு பொத்தான், பக்கத்தில் ஊசியோடு நர்ஸ்.

முதல் நாளே வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இரண்டாம் நாளும் அதே கதை. எல்லாம் அடங்கிய பிறகுதான் பொத்தான் நினைவுக்கு வந்தது.

"இன்னா டீச்சர், போனப்புறம் சொன்னா நான் இன்னா பண்றது? கேமராவுல உங்க முதுகுதான் தெரியுது" என்று நர்ஸ் அலுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள்தான் கடைசி. அன்றும் பிடிபடாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டும், மறுபடி எப்போது இடம் கிடைக்குமோ தெரியாது. எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. மறைத்து மறைத்தே பழகியவள், காட்டவேண்டிய இடத்திலும் மறைத்துக்கொண்டிருக்கிறேன். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொன்னேன். பொத்தானை உள்ளங்கையோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டச் சொன்னேன். நர்ஸ் சிரித்துக்கொண்டே ஒட்டினார்.

பதினொரு மணி வாக்கில் இடது கை மரக்கத் தொடங்கியது. அழுத்தினேன். எச்சில் வழிய, கோணிப்போன முகத்தோடு கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மருந்து நரம்பில் ஏறியது. துணைக்கு வந்திருந்த என் கணவர் அந்த முகத்தை முதன்முதலாகப் பார்த்ததும் அன்றுதான்.

படத்தில் வலப்பக்க மடிப்புக்குள் ஒரே ஓர் இடம் பளிச்சென்று தெரிந்தது. பழைய ஸ்கேனில் அதே இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார் டாக்டர். மெல்லிய மங்கல் ஒன்று அப்போதே இருந்திருக்கிறது, எங்கே தேடுவதென்றுதான் யாருக்கும் தெரியவில்லை. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். கோபம் மறுநாள்தான் வந்தது.

அடுத்து, மண்டையோட்டில் சிறு துளைகள் போட்டு, மெல்லிய கம்பிகளை அந்த இடம்வரை இறக்கி உறுதிசெய்ய வேண்டும், அதற்குப் பிறகு ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்றார் டாக்டர். அதில் உள்ள ஆபத்துகளையும் மறைக்காமல் சொன்னார்.

"வூட்ல பேசிட்டு சொல்றோம் சார்" என்றார் கணவர். பிறகு என் பக்கம் குனிந்து, "எனக்கு பயமா கீது" என்றார்.

அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"எப்ப வந்து சேரணும், டாக்டர்?" என்று கேட்டேன்.